வெயிலில் வெடித்ததாகச் சொன்ன ஸ்டீரிங்

திருத்துறைப்பூண்டியில் அந்த அம்மாவை எல்லோரும் லாரிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிடுகிற உரிமை உள்ளவர்கள் யாரும் அவர் பக்கத்தில் இல்லை.

அவர் யாரையும் பொய்யன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் முகத்தை நேராகப் பார்த்து, கடைசி வரை காது கொடுத்து, "சரி, கேட்டுக்கிட்டேன்" என்பார். அப்புறம் தானே போய்ப் பார்ப்பார். மில்லில் எடை சொன்னால் மூட்டையை இறக்கி மறுபடி போடச் சொல்வார். டாங்கில் டீசல் இருக்கிறது என்று டிரைவர் சொன்னால், இதற்கென்றே சீவி வைத்திருந்த மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுப்பார். நனைந்த இடத்தை முகர்ந்தும் பார்ப்பார். முகர்வது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"மண்ணெண்ணெய் கலந்திருந்தா?" என்றார்.

லாரி அவருடைய வீட்டுக்காரர் வாங்கியது. யுத்த காலத்தில் ராணுவத்துக்கு ஓடி, ஏலத்துக்கு வந்த வண்டி. நீண்ட மூக்கும் மரப்பலகை அடைப்புமாகப் பார்க்க ஒரு கிழட்டு எருமை மாதிரி இருக்கும். ஆனால் நெல் பாரம் ஏற்றினால் சேற்றிலும் நின்று இழுக்கும். வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவருடைய தம்பிகள் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அந்தம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். முடிச்சு அவிழ்ந்ததே இல்லை. வண்டி எங்கே போனாலும் டிரைவர் பக்கத்து இருக்கையில் வெற்றிலைப் பையோடு அவர் இருப்பார். நாகப்பட்டினம் போனாலும் சரி, பக்கத்து மில்லுக்குப் போனாலும் சரி.

ஆட்சி மாறி, தெருவுக்குத் தெரு புதுக் கொடி ஏறியிருந்த காலம் அது. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் மாநாட்டுக்கு ஆள் ஏற்றிப் போக லாரி கேட்டு வந்தார். சாயங்காலமே வண்டி வாசலுக்கு வந்துவிடும் என்றார். "சரி, கேட்டுக்கிட்டேன். நானும் கூட வருவேன். இருந்தாலும் சைக்கிளை ஈடா விட்டுட்டுப் போங்க" என்றார் இந்த அம்மா. கரை வேட்டி கட்டிய பெரிய மனிதர் மாநாட்டிலிருந்து லாரி திரும்புகிறவரை கடைத்தெருவில் நடந்து திரிந்ததை ஊரே பார்த்தது. அவருக்கு இருந்த கோபத்தைவிட மற்றவர்களுக்கு இருந்த சந்தோஷம் பெரிது.

அப்போது நான் ரயிலடிக்குப் போகிற தெருவில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தேன். எங்களுக்குப் பூர்வீகம் அதிராம்பட்டினம். படகு என்ஜினில் வேலை பழகி, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவன். ஒரு தை மாதக் காலையில் சாக்கில் சுற்றிய எதையோ மடியில் அணைத்தபடி அந்தம்மா டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். சாக்கைப் பிரித்தார். லாரியின் ஸ்டீரிங்.

"டிரைவர் வெயில்ல வெடிச்சுதுங்கிறான் தம்பி. நீ பார்த்துச் சொல்லு."

வாங்கிப் பார்த்தேன். உள்ளே இரும்பு வளையம், மேலே கெட்டியான கறுப்பு ரப்பர்த் தோல். அந்தக் காலத்து ஸ்டீரிங் எல்லாம் அப்படித்தான். வருஷக் கணக்கில் கண்ணாடி வழியாக வெயில் பட்டால் தோல் வெடிக்கும், அது உண்மை. இதிலும் மேல்பக்கம் மயிரிழைபோல நிறைய வெடிப்புகள் இருந்தன. ஆனால் கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது.

"வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாமேம்மா?"

"இந்த வண்டிக்கு எங்க கிடைக்கும்? மெட்ராஸ்ல கிடைக்கும்னு சொன்னாங்க. கேட்டுக்கிட்டேன்."

குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ மிராசு பக்கமும் இல்ல, செங்கொடி பக்கமும் இல்ல. அதனாலதான் உங்கிட்ட வந்தேன். அதுக்காக உன்னை நம்பிட்டேன்னு நினைச்சுக்காத."

அந்தத் தை மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை. கூலித் தகராறும் குத்தகைத் தகராறும் கிராமத்துக்குக் கிராமம் பற்றிக்கொண்டிருந்தன. டீக்கடையில் புது ஆள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். லாரிக்காரம்மாவின் டிரைவர் வீரையனின் ஊரிலும் அதே கதை. அங்கே அவனுடைய சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் மிராசுதார் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுது வந்தார்கள். அறுவடை ஆன கையோடு மிராசுதார், குத்தகை முடிந்துவிட்டது, விளைந்ததெல்லாம் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். நெல் களத்தில் குவிந்து கிடந்தது. ஆண்களும் பெண்களும் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துப் போய்விட்டால் தப்பிக்கலாம். ஆனால் மிராசுதாருக்குப் பயந்து ஊரில் ஒரு லாரியும் வர ஒப்பவில்லை. இந்த அம்மா மட்டும், "என்னுது வாடகை வண்டி, யார் கூப்பிட்டாலும் வரும்" என்று சொல்லிவிட்டார்.

வண்டி புறப்பட்ட அன்றைக்கு அவருக்குக் கடுமையான காய்ச்சல். வீரையன் தனியாகப் போனான். பாதி வழியில் திரும்பி வந்து, வெயிலில் ஸ்டீரிங் வெடித்துவிட்டது, பிடித்து ஓட்ட முடியவில்லை என்றான்.

"நான் ஏறாத ஒரே நாள். அன்னிக்குப் பார்த்து வெடிச்சிருக்கு" என்றார் அந்தம்மா. "அவன் ஊரு நெல்லுதான். இருந்தாலும் ஆளை விலைக்கு வாங்க முடியாதா?"

இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடால் பிளவுகளை அகலப்படுத்தினேன். உள்ளே துருவைச் சுரண்டியதும் இரும்பு வளையம் தெரிந்தது. கீழ்ப்பக்கம் அது முன்னோக்கி வளைந்திருந்தது. வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும். இரும்பை வளைக்காது. அதைச் சொன்னேன்.

"பலமா ஏதோ மோதியிருக்குங்கம்மா."

"சரி, கேட்டுக்கிட்டேன்" என்றார். ஸ்டீரிங்கைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு வந்தார். கையில் சாக்கு, முந்தானையில் சாவி, விரலில் சுற்றிய ஒரு வாழைநார். உட்காரக்கூட இல்லை. ஸ்டீரிங்கை வேலைப் பலகையில் வைத்து, நாரைப் பிரித்து, இரண்டு பிளவுக்கும் நடுவே வளையத்தின் மேல் படிய வைத்துப் பார்த்தார். நாரின் ஒரு முனை ஒரு பிளவிலும், அதில் போட்டிருந்த முடிச்சு இன்னொரு பிளவிலும் சரியாக உட்கார்ந்தன.

"என்னம்மா அது?"

"வீரையன் நெஞ்சு" என்றார்.

காலையில் நேராக அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். சட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். அவன் தயங்கியிருக்கிறான். அவனுடைய பெண்சாதி பக்கத்தில் நின்றிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். இவர் விடவில்லை. கழற்றியபோது நெஞ்சின் குறுக்கே பிறைபோலக் கன்றிப்போன தழும்பு இருந்திருக்கிறது. மூச்சு இழுத்தால் விலா குத்துகிறது என்றானாம். அந்தத் தழும்பின் மேல் வாழைநாரை வைத்து அளந்துகொண்டு வந்திருக்கிறார்.

"பாலத்துல மிராசு ஆளுங்க பார மாட்டுவண்டியைக் குறுக்க விட்டிருக்கானுவ. இவன் பிரேக் அடிச்சிருக்கான், நெஞ்சு போயி இதுல மோதியிருக்கு. அவனுவ கிட்ட வந்து அடிக்கல, திட்டல. 'உங்க வீடெல்லாம் கீத்துதானேடா?'ன்னு மட்டும் ஒருத்தன் கேட்டானாம். அதான் வெயில்னு சொல்லிட்டான்."

கீற்று வீடு எப்படி எரியும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அப்ப அவன் மேல தப்பில்லியேம்மா."

"தழும்பைப் பார்த்தப்பவும் எனக்கு முழுசா மனசு ஆறல. வேற எங்கியாவது விழுந்திருக்கலாம்ல? இப்பதான் ஆறுச்சு" என்று நாரை விரலில் சுற்றிக்கொண்டார். "வேலையைப் பாரு."

வளையத்தை இரண்டு மரக்கட்டைக்கு நடுவே பட்டறை வைஸில் கொடுத்து, மெல்ல இறுக்கி நிமிர்த்தினேன். துருவை அரத்தால் ராவி, மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவைத்தேன். மலேயாவில் இருக்கும் மாமா படகு வேலைக்கென்று அனுப்பிய பசை என்னிடம் இருந்தது. இரண்டு குழாயில் வரும், கலந்தால் கல்லாக இறுகும். அதைப் பிளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன். ஓர் அடுக்கு இறுகிய பிறகுதான் அடுத்தது. அந்தம்மா கவிழ்த்துப்போட்ட டீசல் டிரம்மில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் முதுகைத் திருப்பினால் எழுந்து வந்து நிற்பார். ஸ்டீரிங்கின் அடியில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தார். மாற்றி வைத்துவிடுவேனோ என்று.

எனக்கு எரிச்சல் வந்தது. "ஊர்ல ஒருத்தரைக்கூட நம்ப மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேவிட்டேன்.

கோபப்படவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கிடந்தாரு. காய்ச்சல். நான் பக்கத்துலயே இருந்தேன். அங்க இருந்த நர்ஸ் பொண்ணு, பாவம், நல்ல பொண்ணு. 'இன்னிக்கு முகம் தெளிவா இருக்கும்மா, நீங்க வீட்டுக்குப் போயிக் குளிச்சுட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க'ன்னா. அவரும் போயிட்டு வான்னாரு. எல்லாரும் சொன்னாங்க. நம்பிப் போனேன்."

டிரம்மிலிருந்து எழுந்து வந்தார். பசையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஈரமா இருக்கு" என்றார்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்த சமயத்தில் மிராசுதாரின் பண்ணை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் பட்டறைக்கு வந்தார். வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி எண்ணெய்த் தரையில் ஜாக்கிரதையாகக் கால் வைத்தார்.

"என்ன பாய், தொழில் எப்படிப் போவுது? பண்ணைக்குப் புது டிராக்டர் வந்திருக்கு. நீங்கதான் பார்த்துக்கணும்னு ஐயா சொல்றாரு."

"சரிங்க."

"அந்தம்மா ஸ்டீரிங் இங்கதான் இருக்காமே. அவசரப்படாதீங்க. பழைய சாமான் பாருங்க, நிதானமாச் செஞ்சாத்தான் நிக்கும். அறுப்பெல்லாம் முடியட்டும்."

சிரித்துக்கொண்டே சொன்னார். போகும்போது என் கொட்டகையின் தகரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தம்மா திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். மண்ணில் பதிந்திருந்த ஜீப் டயர்த் தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"யாரு வந்துட்டுப் போனா?"

நடந்ததை அப்படியே சொன்னேன், டிராக்டர் உட்பட.

"நீ என்ன சொன்ன?"

"டிராக்டருக்குச் சரின்னேன். இதுக்கு ஒண்ணும் சொல்லல."

என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். வழக்கமான வார்த்தையைச் சொன்னார். அன்று சாயங்காலம் பசை இறுகாத ஸ்டீரிங்கை எடுத்துக்கொண்டு போவேன் என்று நின்றார். அசைத்தால் பசை கீழே வழிந்துவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். "அசையாம தூக்கிட்டுப் போறேன்" என்றார். இரண்டு உள்ளங்கையிலும் தாம்பாளம் ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, ஜனம் விலகி வழிவிட, கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்குப் போனார். சிலர் சிரித்தார்கள். காலையில் அதேமாதிரி திரும்பி வந்தார். பசை ஒரு சொட்டுகூட வழியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை நம்பாதவருக்காக நான் ஏன் பண்ணைக்காரர்களைப் பகைத்துக்கொள்கிறேன் என்று ராத்திரியெல்லாம் யோசித்திருந்தேன். பசையைத் தொட்டுப் பார்த்ததும் அந்த யோசனை போய்விட்டது. அரத்தால் மேடு தட்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். கறுப்புப் பெயிண்ட் ஒன்றுதான் பாக்கி.

"பெயிண்ட் வேணாம். மாட்டு" என்றார்.

மாட்டியாயிற்று. ஓட்ட ஆளில்லை. வீரையனுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. மற்ற டிரைவர்கள் களத்தின் பேரைக் கேட்டதும் நழுவினார்கள். அந்தம்மா என்னைப் பார்த்தார்.

"ரிப்பேர் பார்த்துட்டு ஓட்டிப் பார்ப்பேல்ல? இன்னிக்கும் ஓட்டிப் பாரு. நான் பக்கத்துல இருக்கேன்."

ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நான் அடைத்த பசை நிற்கிறதா என்று தெரிந்துகொள்கிற ஆசையும் அதில் இருந்தது. கறுப்பு வளையத்தில் அந்த இரண்டு இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தது. கை அங்கேயே போய்ப் போய் நின்றது.

பாலத்தில் பாரவண்டி குறுக்கே நின்றது. மாடு பூட்டவில்லை. ஓரத்தில் நாலைந்து ஆட்களும் காரியக்காரரும் இருந்தார்கள். லாரியை நிறுத்தினேன். அந்தம்மா இறங்கினார்.

"ஏம்மா, ஒத்தப் பொம்பளை, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் காரியக்காரர். "கோர்ட்டுல தடை வாங்கியாச்சு. அந்த நெல்லை யாரும் தொடக் கூடாது."

"சரி, கேட்டுக்கிட்டேன். காயிதத்தைக் காட்டுங்க."

"காயிதம் ஐயா வீட்ல இருக்கு."

"அப்ப ஐயாவை அதை எடுத்துக்கிட்டுக் களத்துக்கு வரச் சொல்லுங்க. நான் அங்கதான் இருப்பேன்."

பேசிக்கொண்டே பாரவண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடியில் ஆள் யாராவது படுத்திருக்கிறானா என்று குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கு அண்டைகொடுத்திருந்த கல்லைக் காலால் நெட்டித் தள்ளினார். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"மோதாத. மெல்லத் தொட்டுத் தள்ளு."

முதல் கியரில் வண்டியை நகர்த்தினேன். பம்பர் மரத்தில் முட்டி முனகியது, பாரவண்டி நேராகத் திரும்பி முன்னால் உருண்டது. பாலத்தைக் கடந்ததும் பாரவண்டியை ஓரத்துக்குத் திருப்ப, ஸ்டீரிங்கை முழு பலத்தோடு ஒடிக்க வேண்டியிருந்தது. பசை அடைத்த இடம் என் கைக்கடியில் கிறீச்சென்றது போலிருந்தது. விடவில்லை. பாரவண்டி கரைச் சரிவில் இறங்கி வாய்க்கால் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. யாரோ கம்பால் லாரியின் பலகையில் ஓங்கி அடித்தார்கள். அந்தம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

களத்தில் ஜனம் ஓடி வந்தது. பெண்கள் சாக்குகளில் நெல்லை அள்ளிப் போட, ஆண்கள் தூக்கி ஏற்றினார்கள். அந்தம்மா லாரியின் பின்பலகையில் ஏறி நின்று, ஒவ்வொரு மூட்டையையும் எண்ணி, கையால் அழுத்தி, ஈரம் இருக்கிறதா, பதர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு மூட்டையை அவிழ்க்கச் சொல்லித் திரும்பக் கட்டச் சொன்னார். குத்தகைக்காரர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்களுக்காக இம்மாந்தூரம் வந்துட்டு, எங்களையே நம்பலியேம்மா!"

"நம்பியா வந்தேன்? வாடகைக்கு வந்தேன்" என்றார் அந்தம்மா. "கட்டு இறுக்கமா இல்ல பாரு. இழுத்துக் கட்டு."

நெல் போய்ச் சேர்ந்தது. கோர்ட் காகிதத்தோடு யாரும் வரவில்லை. அப்படி ஒரு காகிதமே இல்லை என்று பின்னால் தெரிந்தது. பாரவண்டியை உடைத்ததாகப் புகார் கொடுத்தார்கள். ஒரு பகல் முழுக்க நாங்கள் இருவரும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வண்டியில் எந்த இடம் உடைந்தது என்று அந்தம்மா திரும்பத் திரும்பக் கேட்டதில் ஏட்டு சலித்துப்போய் எங்களை அனுப்பிவிட்டார். பண்ணை டிராக்டர் என் பட்டறைக்கு வரவே இல்லை. மிராசுதார்கள் அவருடைய லாரியைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். செங்கொடிக்காரர்களோ, நன்றி சொல்ல வந்த இடத்திலும் சைக்கிளை விட்டுவிட்டுப் போகச் சொல்வாரோ என்று தள்ளியே நின்றார்கள்.

வேறு டிரைவர் அமையாததால் பட்டறை வேலைக்கு நடுவே நானே லாரியை ஓட்டினேன். மாசி முடிகிற சமயத்தில் ஒரு நாள், "வீரையன் ஊருக்கு விடு" என்றார். விலா தேறியிருந்த அவன் வாய்க்கால் கரையில் ஆடு கட்டிக்கொண்டிருந்தான். அவர் இறங்கிப் போய் அவன் எதிரில் நின்றார். அவர் சொன்னது வண்டியில் இருந்த எனக்குக் கேட்டது.

"ஸ்டீரிங் நல்லா இருக்கு. வண்டிக்கு வா."

வீரையன் ஆட்டுக் கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்க என்னைச் சந்தேகப்பட்டது தப்பில்லீங்கம்மா. நான் சொன்னது பொய்தான். ஆனா எம் பொண்டாட்டி முன்னாடி, ஊரு முன்னாடி நிக்க வெச்சு, மாட்டுக்கு அளவு எடுக்கிற மாதிரி நாரை வெச்சு அளந்தீங்க."

"எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியாதுப்பா" என்றார் அந்தம்மா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

அவன் ஆட்டுக் கயிற்றை முளையில் கட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"வரேங்க. ஆனா நீங்க கேபின்ல ஏறக் கூடாது. வண்டியை எங்கிட்டக் குடுத்தா, போயிட்டுக் கொண்டாந்து நிறுத்துற வரைக்கும் எம் பொறுப்பு."

அந்தம்மா வாய்க்காலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல.

"முடியாதுப்பா" என்றார்.

வீரையன் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவர் வந்து ஏறினார். வண்டியைக் கிளப்பினேன். ஊர் எல்லை தாண்டியதும் அந்தம்மாதான் ஆரம்பித்தார்.

"நல்ல டிரைவருப்பா அவன். அப்படி ஒரு ஆள் இனிமே எனக்குக் கிடைக்க மாட்டான்."

"அப்ப சரின்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேராக ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்.

"எதுத்தாப்ல பஸ் வருது. ஒதுங்கிப் போ" என்றார்.